இரண்டு விரல் இடைவெளி

நடந்தது நேற்று சாயங்காலம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் என் கோபத்தைச் சொல்லிவிட வேண்டும். நேற்று மத்தியானத்துக்கு மேல் நான் கோபத்தில்தான் இருந்தேன். கோபக்காரனுக்குக் கண்ணெதிரே இருப்பது தெரியாது என்பார்களே, அதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வில்லியனூர் கடைத்தெருவில் எனக்குக் குழந்தைகள் துணிக்கடை. ஹபீப் முகமது என்ற என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, ரெடிமேட் பாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். பிறந்த பிள்ளைக்குப் போடும் முடிச்சுச் சட்டையிலிருந்து பத்தாம் வகுப்பு யூனிஃபார்ம் வரை என்னிடம் உண்டு. ஒன்றே ஒன்று கிடையாது, அளவு நாடா. டேப் பிடித்து அளக்கிறவனை நான் வியாபாரியாகவே மதிப்பதில்லை. பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கண் அளந்து முடித்துவிடும். தாய்மார்கள்தான் கேட்க மாட்டார்கள். "வளர்ற புள்ள பாய், ரெண்டு சைஸ் பெருசா குடுங்க" என்பார்கள். அந்தப் பிள்ளை தீபாவளி முழுக்கத் தோளில் நிற்காத சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு திரியும். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாய் சாமான்கள் கடைக்குள் வந்தது என் மருமகன் தமீம் அன்சாரியின் வேலை. "மாமா, இப்ப யாரு மாமா புள்ள பெத்துக்குறாங்க? எல்லா வூட்லயும் நாய்தான் வளக்குறாங்க" என்று சொல்லி, ஒரு சுவர் முழுக்கக் கழுத்துப் பட்டை, பாடி பெல்ட், சட்டை, மழைக் கோட்டு என்று தொங்கவிட்டுவிட்டான். நாய்க்கு யார் சட்டை வாங்குவார்கள் என்று சிரித்தேன். போன பொங்கலுக்குப் பிள்ளைகள் சட்டையைவிட நாய்ச் சட்டை முதலில் தீர்ந்துபோனபோது சிரிப்பு நின்றுபோனது.

நாய்களையும் என் கண் அளக்கப் பழகிவிட்டது. வாங்க வருகிறவர்கள் செய்யும் தப்பும் பழகிவிட்டது. வயதைச் சொல்லி சைஸ் கேட்பார்கள். எடையைச் சொல்லிக் கேட்பார்கள். பொமேரியன் வைத்திருப்பவர்கள்தான் ரொம்ப மோசம். பொமேரியனில் பாதி முடி. அந்த முடிக்கு மேலே டேப்பைச் சுற்றி, "எங்களுது பெரிய நாய்" என்று பெருமையாகச் சொல்வார்கள். முடியை ஒதுக்கித் தோலோடு சேர்த்து அளக்க வேண்டும், கழுத்தைச் சுற்றி ஒன்று, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒன்று. மாட்டிய பிறகு, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் போனால் நாய் உருவிக்கொண்டு ஓடிவிடும். ஒரு விரல்தான் போகிறது என்றால் அது பெல்ட் இல்லை, தூக்குக் கயிறு. இந்த இரண்டு விரல் பாடத்தை வருகிற எல்லோருக்கும் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வேன்.

சொல்வேன், அவ்வளவுதான். தொட மாட்டேன். நாயின் எச்சில் பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் போட்டுக் கழுவ வேண்டும் என்று எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். தொழுகைக்குப் போகிறவன், கடையில் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு எத்தனை ஏழு கழுவுவது? நாயோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. கல்லா மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாய். நான் போக்குவரத்து போலீஸ் மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருப்பேன், மாட்டுவதும் கழற்றுவதும் அவரவர் பாடு.

இப்படியே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடைக்குள்தான் விஜயகுமாரி அம்மா வந்து சேர்ந்தார்.

உறுவையாற்றுக்காரர். கரும்பும் நெல்லும் பயிர்செய்யும் குடும்பம். ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் கணவரும் அவரும் ஒரு பொமேரியனும். வெள்ளை வெளேரென்று இருந்ததால் அதற்குப் புட்டு என்று பெயர் வைத்திருந்தார். பொங்கலுக்கு முதல் தடவை சட்டை வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்து, "தலைய நுழைச்சாலே கத்துறான் பாய், கழுத்து புடிக்குது" என்றார். என் கடையில் வாங்கியதைத் திருப்பி எடுக்கும் பழக்கம் கிடையாது, வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். சண்டை போட்டுவிட்டுப் பெரிய சட்டையாக மாற்றிக் கொடுத்தேன். அதற்கும் கத்தினான். அப்புறம் கழுத்துப் பட்டை வாங்கினார், அதுவும் திரும்பி வந்தது. கழுத்துப் பட்டை ஒத்துக்கொள்ளாத நாய்க்கு பாடி பெல்ட்தான் சரி, இழுக்கும் பாரம் மார்பில் விழும், கழுத்தில் விழாது என்று நானே சொல்லி மீடியம் கொடுத்தேன். திரும்பி வந்தது. லார்ஜ் கொடுத்தேன். அதையும் பைக்குள் போட்டுக்கொண்டு நேற்று வந்து நின்றார்.

நேற்று மத்தியானம் வரை நான் நல்ல மனநிலையில்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் நாஸியா சாப்பாடு கொண்டுவந்தாள், கூடவே பேத்தி ஃபர்ஹீனையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்து மாதக் குழந்தை, அள்ளினால் கை கொள்ளாது, உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாகச் சதை. கல்லா மேசை மேல் உட்காரவைத்தேன். முன்பு ஒரு தரம் சுரம் விடாமல் அடித்தபோது என் மனைவி கதீஜா ஓதி வாங்கி வந்து கட்டிய கருப்புக் கயிறு அவள் கையில் இருக்கிறது. அதை இழுத்து வாயில் வைக்கப் பார்த்தாள். வரவில்லை என்றதும் என் பேனாவைப் பிடுங்கிக் கடித்தாள். நான் சாப்பிட்டு முடித்து, அவளை முத்தமிட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். ஆட்டோ வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் விஜயகுமாரி அம்மாவின் கணவர் அரங்கநாதன். அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வலது கையில் பெரிய கட்டு, இடது கையில் ஒரு மஞ்சள் பை. பையை அவர் மேசை மேல் வைத்தபோது இரும்புச் சத்தம் கேட்டது.

"நீங்கதான் பெல்ட் பாயா?" என்றார்.

"துணிக்கடை பாய்" என்றேன் விறைப்பாக.

"நேத்து உங்க பெல்ட்ட மாட்டப் போனேன். பாருங்க இன்னா பண்ணிட்டான்." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "ஊசி போட்டுக்கினு வரேன். நான் வாங்கியாந்த கறியத் தின்னுட்டு என்னியே கடிக்கிறான். இதான் கடைசி பாய். இன்னிக்கு ஒரு பெல்ட்டு சேந்துச்சா, வூட்ல இருக்கட்டும். சேரல, இதே ஆட்டோல நேரா பாகூரு. அங்க எங்க மச்சான் கழனி மோட்டார் கொட்டாய்ல கட்டிப் போட்டுட்டு வந்துடுவேன்."

பையைத் திறந்து காட்டினார். மாட்டுச் சங்கிலி. நாயின் கழுத்தில் மாட்டுவதற்காக ஒரு முனையில் வளையம் போட்டு வைத்திருந்தார்.

பின்னாலேயே விஜயகுமாரி அம்மா நாயை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தார். அழுதிருந்தார். "அவன் கொட்டாய்ல ஒரு வாரம் தாங்க மாட்டான் பாய். ஏசி இல்லாட்டிக் கூட பரவால்ல, என் கட்டிலுக்கு அடியிலயே படுத்துப்பான். வெயில்ல சங்கிலில கெடந்தான்னா செத்தே பூடுவான். எப்டியாச்சும் ஒரு சைஸ் பாத்துக் குடுங்க பாய், உங்க காலுல கூட வுழுறேன்."

அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பாவத்தைவிட ரோஷம் பெரிது. என் கண் ஒரு நாயிடம் தோற்பதா? நாயை உற்றுப் பார்த்தேன். மீடியம். சந்தேகமே இல்லை, முதலில் நான் கொடுத்த அதே மீடியம்தான். புதுப் பாக்கெட்டைப் பிரித்துத் தூக்கிப் போட்டேன்.

"மாட்டுங்க. நான் சொல்ற மாதிரி மட்டும் மாட்டுங்க."

தரையில் உட்கார்ந்து, நாயை மடியில் வைத்துக்கொண்டு மாட்டினார். முன்னங்கால்கள் நுழைந்தன. மார்புப் பட்டையைப் பூட்டினார். அதுவரை புட்டு சத்தமே போடவில்லை, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தான். "ரெண்டு விரல்" என்றேன். நுழைத்துக் காட்டினார். சரியாக இருந்தது. அடுத்துக் கழுத்துப் பக்கத்துப் பட்டையைச் சேர்த்துப் பூட்டினார். அவ்வளவுதான். கடை அதிர்கிற மாதிரி ஒரு அலறல். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"விரல வுடுங்க!"

"வுட்டுட்டேன் பாய். மூணு விரல் போவுது. லூசாத்தான் கீது. அப்பவும் கத்துறானே!"

"நடிப்பு" என்றேன். நான் சொன்ன வார்த்தை அதுதான். "செல்லம் குடுத்தா இப்டித்தான். பெல்ட்டு புடிக்கல, கத்துனா கழட்டிடுவாங்கன்னு தெரிஞ்சிபோச்சு. நாடகத்துல நடிக்க வேண்டிய நாய் இது."

"கேட்டுக்கினியா?" என்றார் அரங்கநாதன் மனைவியிடம், மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டே.

இன்னொன்றும் இருந்தது. அவர்கள் உள்ளே வந்ததிலிருந்து கடைக்குள் ஒரு நாற்றம். முதலில் வாசல் சாக்கடை என்று நினைத்தேன். பிறகு எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். அது நாயிடமிருந்துதான் வருகிறது என்று புரிந்ததும் இன்னும் எரிச்சலானேன்.

"இன்னாமா, குளிப்பாட்டவே மாட்டீங்களா?"

"எங்க பாய் குளிப்பாட்ட வுடுறான்? கழுத்துகிட்ட கைய கொண்டாந்தாலே கடிக்க வரான். முடி சிக்கு வுழுந்துபோச்சு. நான் பவுடரக் கொட்டி வுட்டுடுறேன். முன்னல்லாம் குளிச்சிட்டு வந்தான்னா தலைய உதறுவான் பாருங்க, சுவரெல்லாம் தண்ணி. இப்ப உதறுறதுகூட இல்ல. அப்டியே தலைய தொங்கப் போட்டுக்கினு நிப்பான்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் மண்டைக்குள் ஓடியதெல்லாம் சைஸ் மட்டும்தான். சரி, இந்த அம்மா முடி மேலேயே அளந்துகொண்டிருக்கிறார், உள்ளே சிக்கு உருண்டையாகத் திரண்டு கிடக்கிறது, அதன் மேல் பட்டை அழுத்துகிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். டேப் பிடிக்காதவன் வாயாலேயே சொன்னேன்.

"டேப்பு வெச்சிக்கினு இருக்கீங்களா? எடுங்க. கழுத்து முடிய வகிடு எடுத்து ஒதுக்குங்க. தோலு தெரியட்டும். தோலோட ஒட்டி அளங்க. இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடலாம்."

ரவிக்கை அளக்கும் மஞ்சள் டேப்பை எடுத்தார். அரங்கநாதன் பின்பக்கமாக இடது கையை நீட்டி நாயின் வாயை ஒரு துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். விஜயகுமாரி அம்மா, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா ராஜா" என்று சொல்லிக்கொண்டே பின்னங்கழுத்து முடியை இரண்டு பக்கமும் பிரித்தார். முடி பிரியவில்லை, பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. மெதுவாகப் பிரித்தார். நாற்றம் குப்பென்று ஏறியது. அவர் கை அப்படியே நின்றது.

"பாய்."

"இன்னா, எத்தினி வருது?"

"பாய், இங்க தோலு இல்ல."

"தோலு இல்லாம?"

"பள்ளமா கீது பாய். சுத்திக்கினு போவுது."

எனக்குப் புரியவில்லை. மேசை மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன்.

வெள்ளை முடிக்கு நடுவில் சிவப்பாக ஒரு கோடு. கோடு என்று சொல்ல முடியாது, வாய்க்கால். கழுத்தைச் சுற்றிச் சதை இரண்டாகப் பிளந்து நின்றது. அந்தப் பிளவுக்குள் ஈரமாக என்னவோ கருப்பாகத் தெரிந்தது. ஒரு இடத்தில் மட்டும் அது வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. முடிச்சு. கயிற்று முடிச்சு. முனை பிரியாமல் இருக்கப் பொசுக்கிவிட்டிருந்தார்கள்.

யா அல்லாஹ் என்று கத்திவிட்டேன். நாய்க்குள் கயிறு இருக்கிறது. கழுத்தின் மேல் இல்லை, கழுத்துக்குள். இத்தனை நாளாக நான் சட்டையை மாற்றிக் கொடுத்தேன், பட்டையை மாற்றிக் கொடுத்தேன், நடிப்பு என்றேன். அது ஒவ்வொரு தடவையும் தன் தொண்டை அறுபடுவதைத்தான் எங்களிடம் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது.

"யாரும்மா இத கட்டினது?"

விஜயகுமாரி அம்மா தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி பேசினார். "அது வுழுந்துடுச்சே பாய். அது எப்பவோ வுழுந்துடுச்சே."

"எது வுழுந்துடுச்சு?"

"கயிறு. போன ஆடில வாங்கி வந்தவுடனே இவனுக்கு வாந்தி பேதி, பொழைக்க மாட்டான்னுட்டாங்க. உள்ளங்கை அளவுதான் இருந்தான். வீராம்பட்டினம் தேருக்குப் போனேன், அம்மன் கால்ல வெச்சி கயிறு கொண்டாந்து கழுத்துல கட்டினேன். மறுநாளே எழுந்து பால் குடிச்சான் பாய். கோயில் கயிற நாமளா அறுக்கக்கூடாது, தானா வுழுந்தா கண்டம் போச்சுன்னு அர்த்தம். கார்த்திகைல பாத்தேன், கழுத்துல காணும். வுழுந்துடுச்சுன்னு நெனச்சேன். கண்டம் போச்சுன்னு தைப்பொங்கலுக்கு அம்மனுக்குத் தனியா ஒரு பானை வெச்சேனே பாய். ஊருக்கே குடுத்தேனே."

விழவில்லை. முடி வளர்ந்து கயிற்றை மூடிவிட்டது. நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. அந்த அம்மா பானை வைத்து நன்றி சொன்ன நாளில் அது தோலை அறுக்கத் தொடங்கியிருக்கிறது. மறுநாள்தான் முதல் சட்டையைத் திருப்பிக் கொடுக்க என் கடைக்கு வந்திருக்கிறார்.

எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நாய் இருக்கும் பக்கம் வந்து மண்டியிட்டேன். விஜயகுமாரி அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அறுக்கக்கூடாது பாய், கோயில் கயிறு."

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னதை அவர் காதால் கேட்டார். கையை நெருப்பில் பட்ட மாதிரி எடுத்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். "அறுங்க பாய். அறுத்துடுங்க. எங்கம்மா தாயே, நானே கழுத்த அறுத்துக்கினு இருந்தேனா!"

கத்தரிக்கோலின் முனையை எங்கே விடுவது? சதைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இடம் இல்லை. இரண்டு விரல் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், ஒரு ஊசி நுழைய இடமில்லாத இடத்தில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் முடியாது. டாக்டரிடம்தான் போக வேண்டும்.

விஜயகுமாரி அம்மாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. அரங்கநாதன் நெருங்கினால் நாய் ஒடுங்கிச் சுருண்டது, முந்தின நாள் அவர்தானே பெல்ட்டைக் கழுத்தில் இறுக்கியவர். வேறு யாரும் இல்லை. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். நான் குனிந்து புட்டுவைத் தூக்கினேன். முடிக்கு அடியில் ஒரு கோழி எடைகூட இல்லை. சீழும் எச்சிலும் என் சட்டையில் ஒட்டிக்கொண்டன. அவன் தலையை என் தோளில் வைக்கப் பார்த்து, வலித்து, மறுபடி நிமிர்த்திக்கொண்டான். கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அரங்கநாதன் மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.

பைபாஸ் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டர் ஜெயசித்ரா பொறுமையான பெண். கழுத்தைப் பார்த்ததும் அவருக்கும் முகம் மாறியது. மயக்க ஊசி போட்டு, முடியை மழித்தார். மழித்த பிறகு பார்த்ததை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு பக்கத்தில் சதை கயிற்றின் மேலேயே வளர்ந்து மூடியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன். உள்ளே இடுக்கியை விட்டு, நறுக்கி, ஈரமான கயிற்றை மெதுவாக இழுத்து ஒரு தட்டில் போட்டார். வட்டமாகவே கிடந்தது. என் மணிக்கட்டில்கூட ஏறியிருக்காது, அவ்வளவு சின்ன வட்டம்.

"பொழைச்சிப்பானா டாக்டர்?" என்றார் விஜயகுமாரி அம்மா.

"பொழைச்சிப்பான்மா. மூச்சுக் குழாய்க்குப் போவல. ஆனா ரொம்ப நெருங்கிடுச்சு." டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இதுக்கு மேல பெல்ட்டு ஏதாச்சும் போட்டு இழுத்தீங்களா?"

அரங்கநாதன் இன்னும் அந்த மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏறியபோதும் இறங்கியபோதும் விடாமல் பிடித்திருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. அதற்குள் இருந்த சங்கிலியை நானும் அவரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டோம். என்னுடைய மீடியம் சேரவில்லை என்று நேற்று ஆட்டோ பாகூருக்குத் திரும்பியிருந்தால், இந்தக் கழுத்தில் அந்தச் சங்கிலி ஏறியிருக்கும்.

அவர் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தார். பக்கத்தில் போய் நின்றேன். கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கடிதான் பாய் கடிச்சான்" என்றார். "எனக்கு அப்டி பண்ணியிருந்தா, நான் வூட்ல ஒருத்தர வுட்டுவெச்சிருக்க மாட்டேன்."

பெரிய மீசை வைத்த மனிதர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, வராந்தா ஓரத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் பையோடு சங்கிலியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். புட்டு மயக்கத்தில் கிடந்தான். அவன் காலை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் நடந்தே வந்து கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். கதீஜா என் சட்டையைப் பார்த்து அலறினாள். "இன்னாங்க இது, ரத்தமா? எங்க வுழுந்தீங்க?" நேராகக் கொல்லைப் பக்கம் போய், மண்ணை அள்ளிப் பூசிக் கழுவினேன், ஏழு முறையும் கழுவினேன், குளித்தேன், விட்டுப்போன தொழுகையைத் தொழுதேன். அந்த நாற்றம் மட்டும் போகவில்லை. தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஃபர்ஹீன் தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். விழாமல் இருக்க அவள் கையைப் பிடித்தேன். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு மடிப்பு. நடுவில் கருப்புக் கயிறு இருக்க வேண்டும். இல்லை. மத்தியானம் இவள் இழுத்துப் பார்த்தாளே, விழுந்துவிட்டதா என்று ஒரு நொடி நினைத்தேன்.

மடிப்பைப் பிரித்தேன். இருந்தது. சதைக்குள் அமுங்கிக் கிடந்தது.

விரலை நுழைத்தேன். இரண்டு விரல் போகவில்லை. ஒரு விரலும் போகவில்லை. நகம்கூட நுழையவில்லை.

"கதீஜா, கத்தரிக்கோல எடுத்துனு வா" என்று கத்தினேன். என்னவோ ஏதோ என்று அவள் ஓடிவந்தாள். நான் குழந்தையின் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் கத்தரிக்கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அறுக்கக்கூடாதுங்க" என்றாள். "அது ஓதிக் கட்டுன கயிறு."

நான் அவள் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினேன். குழந்தையை நாஸியாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கி, அறுத்தேன். தோல் கிழியவில்லை, சிவந்துதான் இருந்தது. அந்தச் சிவப்பு வளையத்தை கதீஜாவும் பார்த்தாள். ஃபர்ஹீன் அந்தக் கையை உயர்த்தி ஒரு தரம் நன்றாக உதறினாள்.